கிராம்ஃபோர்டு கால்வாய்க் கரையில்



நவம்பர், இறந்தோரை நினைந்து மன்றாடும் மாதம். ஆண்டுதோறும் இம்மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் தமிழ்ப் பங்குமக்களுடன் ஏதேனும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று செபிப்பது என் வழக்கம். இவ்வாண்டு கல்லறைகள் இல்லாத ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றேன். டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் உள்ள கிராம்ஃபோர்டு என்னும் சிற்றூர். அங்கே பழைய படகுத்துறையில் தொடங்கி, கால்வாய்க் கரையோரம் நடந்து, ஆற்றைக் கடந்து, காட்டு வழியே சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். இளைஞருக்கு ஒன்றரை மணி நேர வழி. முழங்கால் வலிக்காரர்கள் பலர் உடனிருந்ததால் எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

வண்டிகளை நிறுத்திய இடத்திலேயே பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞர் ஒருவர் கேட்டார்: “ஃபாதர், இது இவங்க சரித்திரம்தானே? நமக்கு இதுல என்ன இருக்கு?” நான் வாய் திறக்குமுன் பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார்: “இருக்கு தம்பி. நம்ம நெசவாளிங்க கட்டை விரலை வெட்டினவங்க கட்டின மில்லு இது. பார்த்துக்கோ.”

இருவருக்கும் அங்கே விடை சொல்லவில்லை. வழியில் சொன்னவற்றையும், மூச்சு வாங்கியதால் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

படகுத்துறைக்கு எதிரே சாலையின் மறுபுறம் நிற்பது ஆர்க்ரைட்டின் ஆலை. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732-இல் பிரஸ்டன் நகரில் ஓர் ஏழைத் தையற்காரர் வீட்டில் பிறந்தவர்; முடிதிருத்தியும் பொய்முடி செய்து விற்றும் பிழைத்தவர். 1769-இல் நூல் நூற்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, 1771-இல் இங்கே தம் கூட்டாளிகளுடன் ஆலை கட்டினார். பொறியைச் சுழற்றியது நீர். அருகிலுள்ள ஈயச் சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற மலைக்குள் குடைந்த வடிகால் ஒன்று இங்கே வந்து விழுந்தது. மண்ணின் ஆழத்திலிருந்து வருவதால் அந்நீர் கடுங்குளிரிலும் உறையாது. ஆண்டு முழுவதும் இரவும் பகலும் நிற்காமல் ஓடும் ஆலைக்கு இதைவிட ஏற்ற நீர் வேறெங்கும் கிடைத்திராது. அப்பொறியை உண்மையில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் வழக்கு மூண்டு, 1785-இல் நீதிமன்றம் காப்புரிமையை இரத்து செய்தது. ஆயினும் மறு ஆண்டே அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

அந்தப் பொறி எதைச் சாதித்தது என்பதை நான் விளக்க முயன்று தடுமாறியபோது, நெசவுக் குடும்பத்தில் பிறந்த மூதாட்டி ஒருவர் உதவிக்கு வந்தார். தம் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை இரு சிறுவர் கையில் பிடிக்கக் கொடுத்து, “நீளத்துல ஓடுறது பாவு, ராசா. குறுக்க போறது ஊடை. பாவு நூலு தறியில இழுபட்டுக்கிட்டே இருக்கும். அது அறுந்தா அன்னிக்குப் பொழைப்பு போச்சு. ஊடைக்கு எந்த நூலும் ஆகும். இல்லையா சாமி?” என்றார். ஆம், அம்மா. வழிகாட்டி நூல்கள் இரண்டு பக்கத்தில் சொல்வது இதுதான். அன்றைய இங்கிலாந்தில் பருத்தியைக் கொண்டு பாவுக்குத் தகுந்த உறுதியான நூல் நூற்க இயலவில்லை. பாவுக்குச் சணல் வகை நாரிழையும் ஊடைக்குப் பருத்தியும் இட்டுக் கலப்புத் துணியே நெய்தார்கள். முழுப் பருத்தித் துணி இந்தியாவிலிருந்து வந்தது. சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித்துணிக்கு இங்கே இருந்த மோகத்தைக் கண்டு அஞ்சிய உள்நாட்டுக் கம்பளி, பட்டுத் தொழிலார், 1700-இலும் 1721-இலும் சட்டம் இயற்றச் செய்தார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை விற்பதும் உடுப்பதும் குற்றமாயின. ஆர்க்ரைட்டின் பொறி உறுதியான பாவு நூலைத் தந்தபின், அவருடைய கூட்டாளிகளே நாடாளுமன்றத்தை அணுகி, 1774-இல் இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு மட்டும் விலக்குப் பெற்றார்கள். அயல்நாட்டுத் துணியினின்று பிரித்தறிய, அத்துணியின் கரையில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

அந்த மூன்று நீல இழைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நம் ஊர்ப் பெண்கள் விரல் நுனியில் செய்துவந்த ஒரு வேலையை இந்த ஊர் இரும்பும் மரமும் நீரும் கொண்டு செய்து முடித்ததற்கு அரசு இட்ட அடையாளம் அது.

இனி, கட்டை விரல் கதை. அதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம், மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். அக்கதைக்கு மூலமாகக் காட்டப்படுவது, கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிப் பின் அதனுடன் பகைத்துக்கொண்ட வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772-இல் வெளியிட்ட நூல். அதில் அவர் சொல்வது வேறு. வங்காளத்தில் கச்சாப் பட்டு நூல் சுற்றும் தொழிலாளர், கம்பெனி ஏவலர்களின் கட்டாய வேலையிலிருந்து தப்பத் தங்கள் கட்டை விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்பதே அவர் எழுதியது. ஒருவன் தன் பிழைப்புக்குரிய விரலைத் தானே அறுத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கப்பட்டான் என்றால், அது நாம் சொல்லிவரும் கதையைவிடக் கொடியதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அது வங்காளம், பட்டு, கம்பெனி, கிராம்ஃபோர்டு அன்று. நாற்பது ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருப்பவன் நான். செய்யாத பாவத்தை ஒருவர் தலையில் ஏற்றினால், செய்த பாவம் சொல்லப்படாமலே போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அப்படியானால் இந்த ஆலை எவரைத் தாக்கியது? முதலில் தாக்கியது இந்நாட்டுப் பெண்களையே. வீட்டில் இராட்டை சுற்றிக் காசு பார்த்த இலங்காஷயர் குடும்பங்கள் வெகுண்டெழுந்து, 1779-இல் சோர்லி நகருக்கு அருகே ஆர்க்ரைட்டுக்குச் சொந்தமான ஆலை ஒன்றைக் கொளுத்தினார்கள். பின்னர், 1820-கள் முதல் ஆங்கில ஆலை நூல் பெருமளவில் இந்தியாவுக்கு வரலாயிற்று. நெசவாளர் அதை வாங்கினார்கள். சீராகவும் மலிவாகவும் இருந்த நூலை அவர்கள் ஏன் வாங்கமாட்டார்கள்? துணி இறக்குமதியால் அவர்களும் நொந்தார்கள். ஆயினும் நம் பகுதியில் தறிகள் பல தப்பிப் பிழைத்தன, இன்றும் பிழைத்திருக்கின்றன. ஓய்ந்து போனது இராட்டை. புறநானூறு ‘பருத்திப் பெண்டு’ என்று குறிப்பிடும் பெண், இரவு விளக்கொளியில் பஞ்சோடு மல்லாடிய அந்தப் பெண், இரண்டாயிரம் ஆண்டு செய்துவந்த தொழில் ஓரிரு தலைமுறைகளில் மறைந்தது. பெரும்பாலும் கைம்பெண்களும் வறியவர்களும் செய்த வேலை அது. அவர்களுக்குச் சங்கம் இல்லை, மனு எழுதித் தர ஆள் இல்லை.

ஆலைக்குள் வேலை செய்தோரும் ஏறத்தாழ அந்நிலையிலேயே இருந்தார்கள். ஆர்க்ரைட் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார். ஊருக்குள் நார்த் ஸ்ட்ரீட் என்னும் தெருவில் 1770-களில் அவர் கட்டிய மூன்றடுக்கு வீடுகள் இன்றும் உள்ளன. மேல்மாடியில் தந்தை தறியில் இருப்பார்; தாயும் பிள்ளைகளும் ஆலைக்குப் போவார்கள். தொடக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இரவு பகல் என்று பன்னிரண்டு மணி நேர முறைகள் இரண்டு. மணி அடித்துக் கதவு சாத்தியபின் வருவோருக்குக் கூலி இல்லை. அங்கே நூற்ற பஞ்சில் பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அதைப் பறித்தவர்கள் அடிமைகள்.

இங்கே என் சொந்தக் கதை சிறிது குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1880-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் பொதிகை அடிவாரத்துப் பாபநாசத்தில், தாமிரபரணி நீரின் விசையால் ஓடும் நூற்பாலை ஒன்றை நிறுவினார்கள். நான் அந்த ஆலைச் சங்கின் ஒலியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை, சங்குதான் கடிகாரம். என் தந்தையார் அங்கே ரிங் ஃபிரேமில் சைடர். வரிசையாகச் சுழலும் கதிர்களில் அறுந்த நூலைக் கண நேரத்தில் ஒட்டிச் செல்வது அவர் வேலை. கிராம்ஃபோர்டுப் பிள்ளைகளும் இதே அறுந்த இழையைத்தான் ஒட்டினார்கள். ஆர்க்ரைட்டின் பொறியின் வழிவந்ததே ரிங் ஃபிரேம். தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் வாயிலில் நிற்பேன். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி படிந்து, நரைத்தவர் போல வெளியே வருவார். அந்தச் சம்பளத்தில் நாங்கள் ஐந்து பேர் படித்தோம். அந்தச் சம்பளத்திலிருந்துதான் நான் குருமடம் போகப் பெட்டி வாங்கினார்கள். ஆகவே இந்த ஆலையின் முன் நின்று வெறும் கோபம் கொள்ள எனக்கு உரிமை இல்லை. கோபம் கொள்ளாதிருக்கவும் முடியவில்லை.

திருச்சபையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிராத பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பலாகாது என்று எழுதியது 1891-இல். கிராம்ஃபோர்டு ஆலைக்கு அப்போது வயது 120. இன்றைய திருத்தந்தை அந்த லியோவை நினைந்தே தம் பெயரைத் தேர்ந்துகொண்டார் என்பதில் நாம் மகிழலாம். ஆனால் இந்நாட்டு நாடாளுமன்றம் ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பருத்தி ஆலைகளில் அமர்த்தக் கூடாதென்று 1819-இலேயே சொல்லிவிட்டது. அச்சட்டத்தைச் செயற்படுத்த ஆய்வாளர் வந்தது 1833-இல்.

சரி, கால்வாய்க்கு வருவோம்.

இது பஞ்சுக்காக வெட்டியது என்று பலர் எண்ணுகிறார்கள். நிலக்கரி, சுண்ணாம்புக்கல், இரும்பு, ஈயம் ஆகியவையே இதன் முதன்மைச் சரக்கு. 1789-இல் சட்டம் நிறைவேறி, 1794-இல் திறந்து, கிராம்ஃபோர்டிலிருந்து லாங்லி மில் வரை பதினான்கரை மைல் ஓடியது. ஆர்க்ரைட் அதற்கு ஈராண்டு முன்பே இறந்துவிட்டார். இடையில் பட்டர்லி மலையின் கீழ் 2,966 கெஜ நீளச் சுரங்கம். அதைக் குடைய மேலிருந்து முப்பத்து மூன்று குழிகள் இறக்கினார்கள். எல்லாம் மண்வெட்டியும் கூடையும் வெடிமருந்தும் கொண்டு செய்த வேலை. நாம் நடந்த கரைப்பாதை, படகு இழுத்த குதிரைகளுக்காக இட்டது. சில கல் பாலங்களின் மூலையில் இழுவைக் கயிறு உராய்ந்து உராய்ந்து அறுத்த தடங்களைக் குழந்தைகள் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

நீர் கரும்பச்சையாய் அசையாது கிடந்தது. பீச் மர இலைகள் செம்பு நிறத்தில் அதன்மேல் மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று திடீரென்று மூழ்கி, நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் எழாமல் வெகுதூரம் தள்ளி எழுந்தது. சிறுவர்கள் அதன்மேல் பந்தயம் கட்டினார்கள். “எவ்வளவு அமைதி!” என்று ஒருவர் சொன்னார். அமைதிதான். ஆனால் இது புதிய அமைதி. பட்டர்லிச் சுரங்கம் நிலக்கரிக் குடைவுகளால் தளர்ந்து 1900-இல் மூடப்பட்டது. கால்வாய் இரண்டாகத் துண்டுபட்டது. 1944-இல் முற்றாகக் கைவிடப்பட்டது. அதன் பின்னரே முக்குளிப்பான் குடியேற இடம் கிடைத்தது.

ஒரு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் ஹை பீக் சந்திப்பு. மலையின் மறுபக்கக் கால்வாயுடன் இதை இணைக்க 1831-இல் முடித்த இருப்புப்பாதை இங்கே வந்து இறங்குகிறது. செங்குத்தான சரிவில் வண்டிகளைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கினார்கள். 1888-இல் கட்டவிழ்ந்த வண்டிகள் கால்வாயையும் அப்பாலுள்ள இரயில் பாதையையும் தாவிச் சென்று விழுந்தனவாம்.

என்னை அதிக நேரம் நிறுத்தியது அடுத்துள்ள லீவுட் நீரேற்று நிலையம். உயர்ந்த புகைபோக்கியுடன் கூடிய கல் கட்டடம், 1849-இல் அமைந்தது. அதன் காரணம் சுவையானது. ஆலையைச் சுழற்றிய அந்தச் சுரங்க வடிகால் நீரே கால்வாய்க்கும் ஆதாரம். ஈயச் சுரங்கக்காரர்கள் இன்னும் ஆழத்தில் மீர்புரூக் என்னும் புதிய வடிகாலைக் குடைந்தபோது, மலைக்குள்ளிருந்த நீரெல்லாம் அவ்வழியே இறங்கிவிட்டது. மேலே வந்த ஊற்று மெலிந்தது. கால்வாய்க்காரர்கள் டெர்வென்ட் ஆற்றிலிருந்து ஏறத்தாழ முப்பது அடி உயரத்துக்கு நீராவிப் பொறியால் நீரை ஏற்ற வேண்டியதாயிற்று. ஆனால் ஆற்றின் நீர்விசையோ கீழுள்ள ஆலைகளுக்குச் சேர வேண்டியது. ஆகவே ஒரு நிபந்தனை: சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் ஞாயிறு இரவு எட்டு மணி வரை, ஆலைகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் நீரெடுக்கலாம். ஊரெல்லாம் கோவிலுக்குப் போகும் நாளில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட ஒருவர் இங்கே இருந்திருக்கிறார். நம் பங்கில் ஞாயிறு வேலைமுறையால் திருப்பலிக்கு வர இயலாத செவிலியரும் கடைப் பணியாளரும் பாதுகாவலரும் எத்தனை பேர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிலையத்தை ஒட்டி, கால்வாய் டெர்வென்ட் ஆற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. குமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: கீழே ஆறு, மேலே நீர். ஆற்றுக்கு மேலே ஒரே வளைவு, சுமார் எண்பது அடி அகலம். இதைக் கட்டியவர் வில்லியம் ஜெசப். இக்கால்வாயின் தலைமைப் பொறியாளர் அவரே. அவருக்குத் துணை பெஞ்சமின் அவுட்ரம். (1857-இல் இந்தியப் படைவீரர் கிளர்ச்சியை ஒடுக்கிய தளபதி ஜேம்ஸ் அவுட்ரம் இந்தப் பொறியாளரின் மகன், பட்டர்லியில் பிறந்தவர்.)

1793-இல், கால்வாய் முழுமையடையுமுன்பே, இப்பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. இத்தகைய வேளையில் என்ன நடக்கும் என்பதை நாமறிவோம். சுண்ணாம்பு விற்றவன் மேல் பழி, கொத்தன் மேல் பழி, வெள்ளத்தின் மேல் பழி, கடைசியில் கடவுளின் மேல் பழி. ஜெசப் அவ்வாறு செய்யவில்லை. முகப்புச் சுவர்களைப் போதிய வலுவுடன் தாம் அமைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, தம் சொந்தச் செலவிலேயே பாலத்தைச் செப்பனிட்டு வலுப்படுத்தினார். அதன் பின்னும் அவருக்கு வேலை குறையவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய கால்வாய்களைக் கட்டியவர்களுள் அவர் ஒருவர்.

குருமடத்தில் எங்களுக்கு ஒப்புரவு அருள்சாதனம் கற்பித்தவர், மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றையும் விரல் மடக்கிச் சொல்வார். முதலிரண்டும் எளிது; மூன்றாவதில்தான் ஆள் அகப்படுவதில்லை என்பார். அவர் இப்பாலத்தைப் பார்த்திருந்தால் வகுப்பை இங்கேயே நடத்தியிருப்பார். பாலத்தின் நடுவில் நின்று இதைச் சொன்னபோது, முதலில் கேள்வி கேட்ட இளைஞர் கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்து கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ மத்ததுக்கெல்லாம் யாரு கட்டினாங்க, ஃபாதர்?” என்று மெல்லக் கேட்டார்.

மற்றவற்றுக்கு எவரும் கட்டவில்லை, மகனே. ஒன்றே ஒன்றுக்குப் பணம் கட்டினார்கள். 1833-இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது இரண்டு கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கினார்கள். அத்தனையும் அடிமைகளின் உடைமையாளர்களுக்கு. பறித்த கைகளுக்கு ஒரு பென்னியும் இல்லை.

கட்டை விரல் கதை சொன்ன பெரியவர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ஜெசப் ஒரு மனுசன்” என்றார்.

பாலத்தின் மறுமுனையில் ஒரு கிளைக்கால்வாய் பிரிகிறது. இன்று நீரில்லை, இலைச்சருகு நிறைந்த பள்ளமாய் மரங்களுக்கிடையே வளைந்து செல்கிறது. இதை 1802-இல் வெட்டுவித்தவர் பீட்டர் நைட்டிங்கேல். லீ என்னும் இடத்தில் அவருக்கு ஆலைகள் இருந்தன. அவருடைய சொத்துக்கு உரிமை பெற்றவர், குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்டு நைட்டிங்கேல் ஆனார். அவர் மகள்தான் ஃப்ளாரன்ஸ். மேலே ஹாலோவே கிராமத்தில் உள்ள வீட்டில் அவர் சிறுவயதுக் கோடைகளைக் கழித்தார். நம் செவிலியச் சகோதரிகள் இதைக் கேட்டதும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னேன். கிரீமியப் போருக்குப் பின் பல பதிற்றாண்டுகள், பெரும்பாலும் நோயாளியாக அறைக்குள் இருந்தபடியே, அவர் இந்தியாவின் நலவாழ்வைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் சூறையாடியபோது, நீர்ப்பாசனமே மருந்து, கால்வாய் வெட்டுங்கள் என்று ஆட்சியாளரை நச்சரித்தவர்களுள் அவரும் ஒருவர். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் கட்சி அவர் கட்சி. இரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள் என்பது காட்டனின் ஓயாத வாதம். ஃப்ளாரன்ஸ் ஒருமுறையும் இந்தியாவுக்கு வந்ததில்லை. குடும்பச் செல்வம் பிறந்த கால்வாயை நடந்து பார்த்த ஒரு பெண், பஞ்சத்தில் மடியும் தஞ்சைக்கும் நெல்லைக்கும் அப்பாலுள்ள உழவனுக்குக் கால்வாய் கேட்டார் என்பதை எப்படி எடைபோடுவது? நான் நன்றியுடனேயே எடைபோடுகிறேன். அந்தச் செல்வத்தின் வேர் எதுவென்பதையும் மறக்கவில்லை.

லீ பாலத்தருகே சாலையைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. ஓக், பீச், பெர்ச் மரங்கள்; ஈரமான சரிவு; வேர்கள் படிக்கட்டு போல் குறுக்கிட்டன. இங்கே ஒருவர் கையை ஒருவர் பற்றியே ஏறினோம். இதையாவது மனிதன் தொடாத இயற்கை என்று சொல்லலாமா என்றால், அதுவும் இல்லை. டார்பிஷயரின் இத்தகைய காடுகளில் ஈயம் உருக்குவதற்காக மரங்களை அடியோடு வெட்டித் தளிர்க்க விட்டு, மீண்டும் வெட்டி, அந்த விறகைக் குழிச் சூளைகளில் உலர்த்தினார்கள். சரிவுகளில் காணும் வட்டப் பள்ளங்கள் பல அந்தச் சூளைகளே. ஒரே அடியிலிருந்து நான்கைந்து தண்டுகள் கிளைத்து நிற்கும் மரத்தைக் கண்டால், அங்கே எவரோ கோடரியுடன் பலமுறை வந்து போயிருக்கிறார் என்று கொள்ளுங்கள்.

காட்டைவிட்டு இறங்கினால் கிராம்ஃபோர்டின் பழைய ஆற்றுப்பாலம். அதன் ஓரத்தில் கூரையற்ற சில கற்சுவர்கள் நிற்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டுச் சிற்றாலயம் அது. ஆற்றைக் கடக்குமுன் வழிப்போக்கர் நின்று செபித்த இடம். சமய மாற்றத்துக்குப் பின் கைவிடப்பட்டது. இங்கிருந்து மேட்டில் சிறிது தொலைவிலுள்ள டெதிக்கில்தான், ஸ்காட்லாந்து அரசி மேரிக்காகச் சதி செய்தாரென்று 1586-இல் கொல்லப்பட்ட கத்தோலிக்கரான ஆந்தனி பாபிங்டன் பிறந்தார். ஆற்றுக்கு அப்பால், ஆர்க்ரைட் கட்டத் தொடங்கி 1797-இல் திறக்கப்பட்ட புனித மரியா ஆலயம் கூரையுடன் உறுதியாக நிற்கிறது. ஆலை முதலாளிக்கு ஆலயம் இருக்கிறது. ஆலைப் பிள்ளைகளுக்கு இந்த இடிந்த சுவரே போதும் என்று நினைத்து, அதனருகே நின்று இறந்தோருக்கான செபத்தைத் தமிழில் சொன்னோம். நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த ஆங்கிலேயத் தம்பதியர், எங்களுக்கு வழிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

நம் கோவிலில் இம்மாதம் முழுவதும் இறந்தோர் பெயர்களை எழுதும் தாள் வாயிலருகே இருப்பதை அறிவீர்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு முன் அதை எடுத்துப் பீடத்தில் வைக்கச் சென்றேன். அந்தோணியம்மாள், சவரிமுத்து, பாட்டியார், பெரியப்பா என்று வழக்கமான பெயர்களுக்கிடையே, ‘நூல் நூற்ற பொம்பளைங்க’ என்று நடுங்கும் எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், இளைஞர் ஒருவரின் கிறுக்கல் எழுத்தில்: கிராம்ஃபோர்டுப் பிள்ளைகள். அதற்கும் கீழே வேறொரு கையெழுத்தில், திருத்தமாக: ஜெசப்.

கத்தோலிக்கர் அல்லாத ஒரு பொறியாளர் நம் பட்டியலில் ஏறிவிட்டார். நான் அடிக்கவில்லை. தாள் மாத இறுதி வரை பீடத்தின்மேல் இருக்கும். இன்னும் இடம் இருக்கிறது.